இரு டி சில்வாக்களும் ஒரு கேள்வியும்

1873ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் ஒரு சமய விவாதம் நடைபெற்றது. பௌத்தர் தரப்பில் மொஹொட்டிவத்தே குணானந்த தேரர். கிறிஸ்தவர் தரப்பில் முதலில் எழுந்தவர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த போதகர் டேவிட் டி சில்வா. கேட்பதற்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர்.

டி சில்வா தொடக்கத்திலேயே எழுப்பிய கேள்வி அறத்தின் வேரைத் தொட்டது. மனிதன் ஐந்து கந்தங்களின் சேர்க்கை மட்டுமே, அழியாத ஆத்துமா என ஒன்றில்லை என்கிறது பௌத்தம். அப்படியாயின் வினை செய்தவன் ஒருவன், பயனை அனுபவிப்பவன் வேறொருவன் அல்லவா? ஒழுக்கத்துக்கு அங்கே என்ன ஆதாரம்?

கேள்வி புதியதன்று. மிலிந்த மன்னன் நாகசேனரிடம் கேட்டதாகப் பாளி நூல் கூறுவதும் இதனையே. பிறர் தோட்டத்து மாங்கனியைத் திருடியவன், ‘நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு கனி’ என்று வாதிட்டுத் தப்ப முடியுமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். நிலையான ஆத்துமா இல்லாவிடினும் காரண காரியத் தொடர்ச்சி உண்டு. பொறுப்பும் அதனோடு தொடரும் என்பதே அதன் பொருள்.

குணானந்தரோ தற்காப்போடு நிற்கவில்லை. மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் மனஸ்தாபப்பட்டார் என்னும் ஆதியாகம வசனத்தையும், வீட்டு நிலைக்கால்களில் இரத்தத்தைப் பூசச் சொன்ன யாத்திராகம வரலாற்றையும் எடுத்துக்காட்டி, எல்லாம் அறிந்தவருக்கு இவை ஏன் என்று வினவினார்.

வெஸ்லியன் மிஷனரி டானியேல் கோகர்லி பாளி கற்று, பௌத்தத்தை மறுத்து 1849இல் சிங்களத்தில் ‘கிறிஸ்தியானி பிரக்ஞப்தி’யை வெளியிட்டிருந்தார். வடக்கே ஆறுமுக நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’ 1854இல் வந்ததும் இதே காலச்சூழலில்தான். ஒருவர் வேதத்தை மற்றவர் ஆழமாகப் படித்த காலம் அது. ஆனால் படித்தது குற்றம் காண்பதற்காகவே.

நூறாண்டுகள் கழித்து அக்கேள்வியை இன்னொரு டி சில்வா கையிலெடுத்தார். லின் டி சில்வாவும் மெதடிஸ்த போதகரே. பௌத்தத்திலும் கிறிஸ்தவத்திலும் ‘நான்’ என்பதன் சிக்கலை ஆராயும் அவருடைய ஆங்கில நூல் 1975இல் கொழும்பில் வெளியாயிற்று. அநாத்மக் கோட்பாட்டை அவர் மறுக்க முனையவில்லை. அதன் வெளிச்சத்தில் தமது வேதாகமத்தையே மீளப் படித்தார். மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டவன். தன்னளவில் அழியாத எதுவும் அவனிடம் இல்லை. வேதம் பேசுவது உயிர்த்தெழுதலைப் பற்றி. இயல்பிலேயே சாகாத ஆத்துமா என்பது கிரேக்கச் சிந்தனை வழி வந்த கருத்து. மனிதன் மெய்யாகவே மனிதனாவது கடவுளோடும் அயலானோடும் கொள்ளும் உறவில்தான். இவ்வாறு சென்றது அவரது வாதம். ‘நான்’ என்ற பற்றை விடுவதும் பிறரை நேசிப்பதும் அங்கே அருகருகே வந்து நிற்கின்றன.

இரண்டும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. கொலை, களவு, பொய் ஆகியவற்றைப் பஞ்சசீலமும் பத்துக் கட்டளைகளும் ஒருங்கே விலக்குகின்றன. எனினும் சீலம் தானே மேற்கொள்ளும் விரதம். கட்டளை கடவுளின் ஆணை. முயற்சிக்கும் கிருபைக்கும் இடையிலான தூரம் எளிதில் கடக்கக்கூடியதன்று. பேதத்தை மறைக்காமலே கற்றுக்கொள்ள முடியும் என்பதை லின் டி சில்வா செய்து காட்டினார். 1982இல் அவர் காலமானார்.

பாணந்துறை விவாதத்தை ‘சிலோன் டைம்ஸ்’ ஆசிரியர் ஜோன் கேப்பர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த விவாதத்தின் செய்தி அமெரிக்காவை எட்டி, 1880இல் கேர்ணல் ஒல்கொட்டை இலங்கைக்கு அழைத்து வந்தது. பௌத்த மறுமலர்ச்சியில் அதன் பங்கு பெரிது. 1975இன் நூலையோ அறிஞர் வட்டத்துக்கு வெளியே அறிந்தோர் சிலரே. வெற்றி தோல்வி இருந்தால்தான் செய்தி என்று பழகிவிட்ட பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் இதில் பங்குண்டு.

கேள்வி ஒன்றுதான். முதலாமவர் எதிராளியை மடக்குவதற்காக அதைக் கேட்டார்; இரண்டாமவர் தம்மையே கேட்டுக்கொண்டார். சமயத்தின் பெயரால் இத்தனை இரத்தம் கண்ட நாட்டுக்கு எந்தக் கேள்வி வேண்டும் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.