நாணயமும் கடனேடும்

'நாணயம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிலுள்ள காசும் நாணயம். மனிதனின் நேர்மையும் நாணயம். ஆங்கிலத்தில் வழங்கும் 'கிரெடிட்' என்னும் சொல்லும், நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்ததே. காசும் நம்பிக்கையும் இவ்வாறு ஒரே சொல்லில் உறைவதை எண்ணிப் பார்ப்பின், வேலை நாடி வருபவரின் கடன் வரலாற்றை முதலாளிமார் ஆராயும் வழக்கத்தின் வேர் புலப்படும்.

ஓரூரில் வாழ்ந்து அவ்வூரிலேயே கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ஒருவரது நாணயத்தை அயலார் அறிந்திருந்தனர். வாணிகம் தொலைதூரம் பரவியபோது அவ்வறிவு போதவில்லை. 1837-இல் அமெரிக்காவில் மூண்ட பண நெருக்கடியில் எண்ணற்ற வணிகர் நொடித்தனர். அவ்விடரில் சிக்கிய நியூயார்க் பட்டு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த லூயிஸ் தப்பன் என்பார், 1841-இல் வணிகரைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தரும் நிலையம் ஒன்றை நிறுவினார். ஊர்தோறும் இருந்த வழக்கறிஞர் முதலியோர் எழுதியனுப்பிய குறிப்புகள் பேரேடுகளில் பதியப்பட்டன. வணிகரின் சொத்து மட்டுமன்று, குடிப்பழக்கமும் ஒழுக்கமும்கூட அவற்றில் இடம்பெற்றன.

1899-இல் அட்லாண்டா நகரில் தொடங்கப்பெற்ற மற்றொரு நிறுவனம் தனிமனிதரைப் பற்றி இத்தகைய குறிப்புகளைச் சேர்த்தது. முதலில் கடைக்காரரும், பின்னர் காப்பீட்டு நிறுவனத்தாரும், வேலை தருவோரும் அவற்றை நாடினர். தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை உரியவர் அறிய வழியில்லை. இக்குறையைக் களைய 1970-இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது. வேலைக்கு அமர்த்துதல் பொருட்டு அறிக்கை பெறுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆயின் 1996-ஆம் ஆண்டுத் திருத்தம், விண்ணப்பதாரரின் எழுத்து மூலமான இசைவின்றி அதைப் பெறலாகாது என்றது.

முதலாளிமார் கூறும் காரணங்கள் யாவை? கடன் நெருக்கும்போது கையாடல் செய்யும் ஆசை எழலாம்; தன் பணத்தைப் பேணாதவன் பிறர் பணத்தைப் பேணுவானா என்பது ஐயம்; ஆராயாமல் அமர்த்திய ஊழியரால் தீங்கு விளைந்தால் வழக்கு தம்மீது வரும் என்பது அச்சம். ஆயினும் 2010-இல் ஆரகன் மாநிலத்தில், கடன் அறிக்கை நிறுவனம் ஒன்றின் அதிகாரியே, கடன் வரலாற்றுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வு தம்மிடம் இல்லையென ஒப்புக்கொண்டார். அம்மாநிலம் உட்படப் பல மாநிலங்கள் இவ்வழக்கத்துக்கு வரம்பு விதித்துள்ளன.

நம் நாட்டிலும் இக்கேள்வி புதிதன்று. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, ஊழியர் வழக்கமாகக் கடன்படுவதைத் தவிர்க்க வேண்டும் என்கின்றன. மொழிபெயர்ப்பை நாளும் தொழிலாகக் கொண்ட எனக்கு, இங்கே 'வழக்கமாக' என்னும் சொல்லே உயிர்ச்சொல்லாகத் தோன்றுகிறது. கடன் குற்றமன்று, கடன்படும் இயல்பே குறை. முன்னறிய இயலாத சூழ்நிலையால் நொடிக்க நேர்ந்ததென்று மெய்ப்பிக்கும் வாய்ப்பையும் அவ்விதி ஊழியருக்கு அளிக்கிறது; மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதேயாயினும், காரணம் கேட்கப்படுகிறது.

2005-இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென நம் நாட்டில் தனிச்சட்டம் பிறந்தது. வங்கிகள் சில, கடனைத் திருப்பாதவர் பணிக்குத் தகுதியற்றவர் என விளம்பரத்திலேயே அறிவிக்கலாயின. பழைய கடன் அனைத்தையும் தீர்த்துவிட்டதாகக் கூறிய ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி நீக்கியது செல்லும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்வோரிடம் நிதி ஒழுங்கு வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

அது தக்கதே. எனினும், நோய்க்கும் கல்விக்கும் வாங்கிய கடனையும் சூதுக்கு வாங்கிய கடனையும் மதிப்பெண் பிரித்துக் காட்டாது. வேலையின்மையால் தவணை தவறியவருக்கு அதே காரணத்தால் வேலை மறுக்கப்படின், அவர் கடனை எவ்வாறு தீர்ப்பார்? ஏட்டைப் புரட்டுவோர் ஏட்டுக்குரியவரையும் ஒரு சொல் கேட்டல் நலம். நாணயம் என்னும் சொல்லின் இருபொருளும் அப்போதுதான் காக்கப்படும்.