கண்ணாடி வீட்டுப் பயிர்களும் பீடைகளின் இயற்கைப் பகைகளும்

குளிர்நாட்டு மக்கள் பருவத்தை வென்று காய்கறி விளைவிக்கக் கண்ட உபாயமே கண்ணாடி வீடு. இலண்டன் மாநகருக்கு வடக்கே இலீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இத்தகைய வீடுகள் பெருகித் தக்காளியும் வெள்ளரியும் செழித்தன. ஆயின், பயிருக்கு உகந்த வெப்பம் பீடைக்கும் உகந்ததாயிற்று. பனிக்காலம் பூச்சிகளை அழிப்பது வெளியே. அவற்றின் பகைகள் உலவுவதும் வெளியே. கண்ணாடிச் சுவர் இவ்விரண்டையும் தடுத்துப் பீடைக்கு அரணாயமைந்தது.

இப்பீடைகளுள் முதன்மையானது வெள்ளை ஈ. 1856 ஆம் ஆண்டில் வெஸ்ற்வூட் என்னும் ஆங்கில அறிஞர் இதனை விவரித்தார். இது இலையின் சாற்றை உறிஞ்சும். இது கழிக்கும் இனிய நீர்மத்திற் கரும்பூஞ்சணம் படர்ந்து இலையையுங் காயையும் கெடுக்கும். இதனை ஒழிக்கத் தோட்டக்காரர் கையாண்ட ஐதரசன் சயனைட்டு வாயுவோ மனிதருயிரையும் மாய்க்கவல்லது.

1926 ஆம் ஆண்டில் ஹேட்போட்சயர் மாவட்டத்து எல்ஸ்திரீ என்னுமிடத்தில் தக்காளி பயிரிட்ட ஒருவர், வெண்ணிறமாயிருக்க வேண்டிய வெள்ளை ஈயின் இளம்பருவச் செதில்களுட் சில கறுத்திருக்கக் கண்டார். செசன்ற் ஆராய்ச்சி நிலையத்துப் பூச்சியியலறிஞர் ஸ்பையர் அவற்றை ஆராய்ந்து, அவற்றினின்றும் வெளிவருவது என்காசியா போமோசா என்னுஞ் சிறு குளவி எனத் தெளிந்தார். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடைய இக்குளவி, வெள்ளை ஈயின் செதிலுள் முட்டையிடும். பொரித்த குடம்பி செதிலை உள்ளிருந்தே உண்டு வளரும், செதில் கறுக்கும், புதிய குளவி அதனைத் துளைத்து வெளிவரும். ஏறக்குறைய எல்லாக் குளவிகளும் பெண்களே. ஆணின்றியே அவை பெருகும்.

இந்நிலையம் குளவிகளை வளர்த்து வழங்கத் தொடங்கிற்று. 1930 ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு 15 இலட்சம் குளவிகள் பிரித்தானியாவின் 800 தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. கனடா, அவுஸ்திரேலியா, நியூசீலந்து ஆகிய நாடுகளுக்கும் அவை சென்றன.

இத்துணைப் பயனளித்த முறை தோற்றமையாற் கைவிடப்பட்டதன்று. எளிய முறையொன்று வந்தமையாலேயே கைவிடப்பட்டது. டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939 இற் கண்ட போல் முல்லர் 1948 இல் நோபல் பரிசு பெற்றார். ஒருமுறை தெளித்தாற் பலநாள் நின்று கொல்லும் மருந்திருக்கக் குளவி வளர்ப்பானேன் என்று பலரும் எண்ணினர். 1940களின் இறுதியில் அவ்வழங்கல் நின்றது.

மருந்தின் வெற்றி நீடித்ததன்று. கண்ணாடி வீட்டின் மற்றொரு பீடையாகிய செஞ்சிலந்திச் சிற்றுண்ணி, தன்மீது தெளித்த நஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாய்த் தாங்கப் பழகிற்று. அந்நிலையில், 1958 இற் சிலி நாட்டினின்றும் ஜேர்மனிக்கு வந்த ஓக்கிட் செடிகளோடு, சிற்றுண்ணியை உண்ணும் இரைகௌவிச் சிற்றுண்ணி ஒன்று தற்செயலாக வந்து சேர்ந்தது. பைற்றோசெயுலசு பேசிமிலிசு என்பது அதன் பெயர். நெதர்லாந்தில் வெள்ளரி பயிரிட்ட யான் கொப்பேட் இதனைத் தம் தோட்டத்திற் பயன்படுத்தி, 1967 இற் பிறர்க்கும் வழங்கும் நிறுவனமொன்றை நிறுவினார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வெள்ளை ஈக்கென மருந்து தெளித்தால் அது சிற்றுண்ணியை உண்ணும் நண்பனையும் கொல்லும். ஆகவே, ஓர் இயற்கைப் பகையைக் காக்க மற்றோர் இயற்கைப் பகை வேண்டியதாயிற்று. மறக்கப்பட்ட என்காசியாக் குளவி 1970களில் மீண்டும் அழைக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியிலே தக்காளிப் பூக்களின் மகரந்தச் சேர்க்கைக்குப் பெருந்தேனீக்களைப் பயன்படுத்தத் தொடங்கியபின், அவற்றின் பொருட்டும் நஞ்சு தெளித்தலைக் குறைக்க நேர்ந்தது.

கண்ணாடி வீட்டுக்கு வெளியேயும் இப்படிப்பினை பொருந்தும் என்பதற்கு இலங்கைத் தேயிலையே சான்று. தேயிலை இலைச்சுருட்டிப் புழுவை அடக்க 1930களில் யாவாவினின்றும் கொணரப்பட்ட மக்குரோசென்றசுக் குளவி அதனை நன்கு அடக்கிற்று. பின்னர், தண்டு துளைக்கும் வண்டுக்கெனத் தீல்திரின் தெளிக்கப்பட்ட தோட்டங்களில் இலைச்சுருட்டி மீண்டும் பெருகிற்று.

மருந்து தெளிப்பவன் நாட்காட்டியைப் பார்த்தாற் போதும். குளவியை விடுபவன் இலையைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கறுத்த செதிலைக் கண்டு, அஃது ஏன் கறுத்தது என வினவிய கண்ணே இக்கலையின் தோற்றுவாய். அக்கண் மூடியிருந்த இருபதாண்டு காலத்தின் விலையைப் பயிர்த்தொழில் தந்தே தீர்ந்தது.