ஓரியன் நெபுலா ஒளிப்பட வரலாறும் தமிழ்நாட்டு வானமும்

ஓரியன் நெபுலா என்பது புதிய விண்மீன்கள் பிறக்கும் வளிம, தூசு முகில் ஆகும். இது பூமியிலிருந்து சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. தை மாத முன்னிரவில் மாமல்லபுரம் கடற்கரையில் நின்றால், கிழக்கே கடலுக்கு மேலே வேட்டைக்காரன் விண்மீன் குழுவைக் காணலாம். திருவாதிரை விண்மீன் இக்குழுவைச் சேர்ந்ததே. நடுவில் வரிசையாக உள்ள மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலாகத் தெரியும் புகைப்புள்ளியே இந்த நெபுலா. செங்கல்பட்டு வட்டாரத்தில் இது உச்சத்தில் சுமார் 72 பாகை உயரத்தில் நிற்கும்.

முதல் ஒளிப்படங்கள்

கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க இயலாது. ஒளிப்படத் தகடோ நெடுநேரம் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் என்றி டிரேப்பர், 11 அங்குலத் தொலைநோக்கி வழியாகச் சுமார் 50 நிமிடம் ஒளி விழச்செய்து இந்த நெபுலாவை முதன்முதலில் படம் எடுத்தார். பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியை அவ்வளவு நேரமும் நகர்த்த வேண்டியிருந்தது. 1883இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் 36 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் பதிந்தன. அதன்பின் ஒளிப்படம் வெறும் நகலாக இல்லாமல், கண்டறியும் கருவியாகவும் ஆனது.

நுங்கம்பாக்கத்திலிருந்து காவலூர் வரை

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகம், விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து பட்டியலிட்டது. 1899இல் பணிகள் கோடைக்கானலுக்கு மாறின. அங்கே சூரிய ஆய்வே முதன்மை பெற்றது. மங்கிய வான்பொருள்களை ஆராய இருண்ட இடம் தேவைப்பட்டது. வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இது செங்கல்பட்டுக்கு மேற்கே, ஏறத்தாழ அதே அகலாங்கில் உள்ளது. எனவே இரு இடங்களிலும் தெரிவது ஒரே வானம். வேறுபாடு இருளிலும் காற்றின் தெளிவிலும்தான்.

காவலூரில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும் 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. பாப்பு திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1982இல் அவர் மறைந்தபின் முடிந்து, 1986இல் அவர் பெயரைப் பெற்றது. இளம் விண்மீன்கள் பற்றிய ஆய்வுகளும் இங்கு நடந்துள்ளன. தகடுகளுக்குப் பதிலாகப் பின்னர் மின்னணு உணரிகள் வந்தன.

இருளின் தேவை

தகடானாலும் உணரியானாலும், நெபுலாவின் ஒளியோடு தெருவிளக்கின் ஒளியையும் சேர்த்தே பதிவுசெய்யும். நல்ல தொலைநோக்கி இருந்தாலும் இருள் இல்லையேல் மங்கிய முகில் படத்தில் மறைந்துவிடும். வெளிச்சத்தைத் தரைநோக்கி மட்டும் விழச்செய்யும் மறைப்புள்ள விளக்குகள் இவ்விழப்பைக் குறைக்கும்.