திமிலைதீவில் இறங்கிய நேர்கோடு

மட்டக்களப்பில் வயதான ஒருவரிடம் கொழும்பு எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் வராது. "ஒரு ராத்திரி, மனே" என்பார். வாவியைக் கடப்பதற்கும் இதே கணக்குத்தான். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, அக்கரை எவ்வளவு தூரம் என்பதைப் பாதை வரும் நேரம்தான் சொன்னது. (இங்கே பாதை என்றால் தெரு அல்ல, ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை.)

கொழும்புக்கு ஒரு ராத்திரி என்பதே முன்னேற்றந்தான். ஒரு காலத்தில் லேடி ஹேவ்லொக், லேடி கோர்டன் என்ற நீராவிக் கப்பல்கள் தீவைச் சுற்றிவந்து நம் கரைக்கு ஆளும் சரக்கும் கொண்டுவந்தன. 1928இல் ரெயில் வந்தது. அதுவும் நேரே வருவதில்லை. வடக்கே மாகோ வரை ஏறி, கிழக்கே திரும்பி, கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையைப் பிரிந்து, பொலன்னறுவை வழியே வரும். வானத்தில் கோடு போட்டால் 220 கிலோமீட்டர். தண்டவாளத்தில் ஏறத்தாழ 350.

அந்தக் கோட்டை நிலத்தில் இறக்க 1958இல் சிவில் விமானத் திணைக்களம் தேர்ந்த இடம் நகருக்குத் தென்மேற்கே, வாவிக்குள் இருக்கும் திமிலைதீவு. திமில் என்றால் பழந்தமிழில் மீன்பிடி படகு. திமிலர் வாழ்ந்து, முக்குவரோடு பொருதித் தோற்று வெளியேறியதாக ஊர்க்கதை. படகின் பெயருள்ள தீவில் விமானம் இறங்கியது எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம்.

ஆனால் 1983இல் விமானப்படை பொறுப்பேற்றது. ஊரின் ஓடுபாதை முகாமுக்குள் போனது. பிறகு நெடுங்காலம் நமக்கு அது வேலிக்கு அப்பால் கேட்கும் இரைச்சல் மட்டுமே. 2016இல் புதுப்பித்து, 2018 மார்ச்சில் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். செஸ்னா மாதிரிச் சிறு விமானம் இடையில் எங்கும் இறங்காமல் வந்தால் கொழும்பிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்காது.

ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். லண்டனிலிருந்து வரும் பெரிய விமானத்துக்குப் போதாது. ஆகவே அங்கிருந்து வரும் நம் பிள்ளைகள் 8,700 கிலோமீட்டரைப் பதினொரு மணி நேரத்தில் பறந்து கட்டுநாயக்காவில் இறங்குகிறார்கள். மிச்சம் 300 சொச்சத்துக்கு வானில் ஏறி இன்னும் ஆறேழு மணி நேரம் குலுங்குகிறார்கள். வான் என்றால் நாலு சக்கர வான்!

மற்றவர்கள் இன்னும் இரவு ரெயிலில்தான். அதற்குப் பெயர் பாடுமீன்.