செப்சிஸ்: குருதிப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

2008 ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. 7,000 இற்கும் அதிகமானோர் நோய்ச் சந்தேகத்தில் பதிவாகினர்; 200 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. இந்நோய் கடுமையாகும்போது சிறுநீரகம், ஈரல், நுரையீரல் என உறுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழக்கும். கிருமித்தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தும் இந்நிலையே செப்சிஸ். 2017 இல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் மரணங்கள் இதனுடன் தொடர்புபட்டவை என மதிப்பிடப்பட்டுள்ளது.

கண்டிப் பகுதியில் மழைக்காலக் காய்ச்சல் டெங்காகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையலாம். பிரித்தறிய வைத்தியர்கள் பல பரிசோதனைகளைச் சேர்த்தே பார்க்கின்றனர்.

முக்கிய பரிசோதனைகள்

சி.ஆர்.பி: அழற்சியைக் காட்டும் புரதம். தொற்று ஏற்பட்டுப் பல மணித்தியாலங்களின் பின்னரே உயரும். உச்சமடைய இரண்டு நாட்கள் வரை செல்லலாம். எனவே முதல் நாள் அளவு குறைவாக இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை எனக் கொள்ள முடியாது.

புரோகல்சிற்றோனின்: பக்டீரியாத் தொற்றில் இதைவிட விரைவாக உயரும். ஆனால் பெரிய சத்திரசிகிச்சை, தீக்காயம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றிலும் உயரும். நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்க இதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே 2021 சர்வதேச வழிகாட்டலின் நிலைப்பாடு. மருந்தை எப்போது நிறுத்தலாம் எனத் தீர்மானிக்கவே இது கூடுதலாக உதவும்.

லக்ரேற்று: திசுக்களுக்குப் போதிய குருதியும் ஒட்சிசனும் கிடைக்காதபோது பொதுவாக உயரும். சிகிச்சையின் பின்னும் குறையாவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி.

குருதி வளர்ப்புச் சோதனை: எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைக் காட்டும். முடிவு வர நாட்கள் ஆகலாம்.

பிழைப்பாரா என்பதை எது காட்டும்?

அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 'சோபா' என்ற புள்ளிமுறை பயன்படுகிறது. நுரையீரல், குருதி உறைதல், ஈரல், குருதியோட்டம், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறுக்கும் புள்ளியிடப்படும். சிறுதட்டு எண்ணிக்கை, பிலிரூபின், கிரியேற்றினின் போன்ற சாதாரண சோதனைகளே இதற்குப் பயன்படுகின்றன. ஒரு நாளின் இலக்கத்தைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். எந்தப் புள்ளியும் ஒருவரின் முடிவை உறுதியாகச் சொல்லிவிடாது.

போரில் காயமடைந்தோர் கவனத்திற்கு

செப்சிஸிற்கு எலிக்காய்ச்சல் மட்டும் காரணமல்ல. புண்ணிலோ சிறுநீர்ப்பாதையிலோ தொடங்கும் தொற்றும் அதில் முடியலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் குழாய்வழித் தொற்றும் அடிக்கடி வரும். உணர்விழந்த பகுதியில் வலி எச்சரிக்காது. எனவே வீட்டிலுள்ளோர் மற்ற அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்: குளிர்நடுக்கம், வேகமான மூச்சு, தடுமாறும் பேச்சு, கைகால் குளிர்தல், பையில் சிறுநீர் குறைதல். சிலருக்குக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம்.

இவற்றைக் கண்டால் தனியார் ஆய்வுகூட அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசமானது. வைத்தியசாலையில் புண், குழாய் மாற்றிய நாள், நீரிழிவு, ஏற்கெனவே எடுத்த மருந்துகள் ஆகியவற்றை முதலிலேயே சொல்லுங்கள். "இது செப்சிஸாக இருக்குமா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.