அடங்காத பின்கண்ணாடி

பழைய எஸ்யூவியின் வயதைப் பின்னால் நின்று பார்த்தே கணித்துவிடலாம். டிக்கிக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி; மறு ஓரம் தகட்டோடு உரசிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் உள்ளே ஈரம், பள்ளத்தில் இறங்கினால் கடகட சத்தம், லாக் விழ வேண்டுமென்றால் இரண்டு முறை அறைய வேண்டும். “செட்டிங் போயிடுச்சு” என்பார் பட்டறைக்காரர். அந்தச் செட்டிங்குக்கு நூறாண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் இருப்பவர் மெக்கானிக் அல்ல, தச்சர்.

1910களிலும் 20களிலும் அமெரிக்க ரயில் நிலையங்களில் பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல, ஃபோர்டு மாடல் டி சேஸிஸின் மேல் மரக்கூடு கட்டி ஓட்டினார்கள். ஸ்டேஷனுக்குப் போய்வரும் வண்டி என்பதால்தான் ‘ஸ்டேஷன் வேகன்’ என்ற பெயர் வந்தது. பக்கவாட்டில் சுருட்டிவிடும் திரை. பின்னால் நம் லாரிகளில் உள்ளதுபோல் கீழே மடங்கும் பலகை. கண்ணாடியே இல்லாததால் கண்ணாடித் தொல்லையும் இல்லை. 1929இல் ஃபோர்டு நிறுவனமே மாடல் ஏ வேகனை விற்கத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டன் பகுதியில் அதற்குச் சொந்தக் காடும் மர ஆலையும் இருந்தன.

நாளடைவில் இந்த வண்டிகள் முழுமையாக மூடப்பட்டன. பின்பக்கத்தின் கீழ்ப்பாதி பலகையாகவே இருக்க, மேல்பாதி தூக்கித் திறக்கும் கண்ணாடிச் சட்டமானது. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆகவே வார்னிஷ் பூசுவதும் தளர்ந்த இணைப்புகளை இறுக்குவதும் ஓயாத வேலை. நம் வீட்டு ஜன்னல் ஐப்பசியில் இறுகிக்கொள்ளுமே, அதே கதைதான்.

இரும்பு வந்ததும் இது தீர்ந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். 1935இல் செவ்ரோலெட் சபர்பன் முழு எஃகு உடலோடு வந்தது. 1946இல் வில்லிஸ் நிறுவனத்துக்காக புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ஜீப் ஸ்டேஷன் வேகனும் எஃகுதான். வேடிக்கை என்னவென்றால், மரத்தைக் கைவிட்ட அந்த வண்டிக்கு மரம் போலவே தோன்றும்படி பெயின்ட் அடித்தார்கள்.

கண்ணாடி அடங்கவில்லை. அதே ஸ்டீவன்ஸின் கைவண்ணமான 1963 ஜீப் வேகனியரில் பின்கண்ணாடி பின்கதவுக்குள்ளேயே இறங்கியது. முதலில் கண்ணாடியை இறக்க வேண்டும், பிறகுதான் கதவைக் கீழே சாய்க்க முடியும். வசதிதான். ஆனால் கதவை அறையும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி கண்ணாடிக்கும், அது ஓடும் பள்ளத்துக்கும், தூக்கும் ரெகுலேட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கப் பள்ளம் தேய்ந்தால் போதும், கண்ணாடி சாய்ந்து ஏறி நடுவழியில் நின்றுவிடும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் இதையும் மிஞ்சியது. அதன் பெரிய வேகன்களில் கண்ணாடி கூரைக்குள் ஏறிப் போகும், கதவு தரைக்கு அடியில் சறுக்கி மறையும். பார்க்க மாயாஜாலம்! 1976க்குப் பிறகு கைவிட்டுவிட்டார்கள். அட்லாண்டிக்கின் மறுகரையில் 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர், மேலும் கீழுமாகப் பிரியும் பழைய வழியிலேயே நின்றது. அதன் உடல் தகடுகளில் பெரும்பகுதி அலுமினியம். பின்கண்ணாடியைச் சுற்றிய சட்டமோ எஃகு. துரு எங்கே பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை.

இறங்கும் கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டது டொயோட்டா. 1984 மாடல் 4ரன்னர் முதல் 2025 மாடல் வரை அது உண்டு. இதில் ஒரு எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். ஓடும் வண்டியின் செங்குத்தான முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அங்கே கண்ணாடி திறந்திருந்தால், சைலன்சர் புகை கார்பன் மோனாக்சைடோடு உள்ளே இழுக்கப்படலாம். கோணலான கண்ணாடியின் இடைவெளியும் ஒரு திறப்புதான். அதை வெறும் அழகுக் குறையாக நினைத்துவிடக் கூடாது.

1990களில் பரவியது வேறொரு அமைப்பு. 1991 ஃபோர்டு எக்ஸ்புளோரரைப் போல, மேலே தூக்கும் பெரிய கதவு. அதற்குள் தனியாகத் தூக்கும் கண்ணாடி. ஒரே வாசலுக்கு இரண்டு கதவு, இரண்டு ஜோடி கீல். கதவின் கோணலும் கண்ணாடியின் கோணலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர் கண்ணாடியில் கைவைக்கும் முன் கதவு நேராக உட்காருகிறதா என்று பார்ப்பார். அடுத்து, தூக்கிப் பிடிக்கும் இரண்டு கேஸ் தண்டுகள். ஒன்று ஓய்ந்து மற்றது மட்டும் தள்ளினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் கீல். போல்ட் ஓட்டைகளைச் சற்றுப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். நகர்த்த இடம் வேண்டுமே. பழைய நிலையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி, ஒருவர் கண்ணாடியைத் தாங்க, மற்றவர் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார். கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் போல்ட் என்றால் நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் இருந்தே ஆக வேண்டும். அது டெம்பர்டு கண்ணாடி. அளவுக்கு மீறி இறுக்கினால் கீறலோடு நிற்காது, ஒரே நொடியில் மொத்தமும் பொடியாகிவிடும். கடைசியாக லாக் கொக்கியின் உயரம், பீடிங் ரப்பரின் இறுக்கம். பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடி, ஓரம் ஓரமாக இழுத்துப் பார்ப்பார்கள். எங்கே சுலபமாக உருவிக்கொண்டு வருகிறதோ, அங்கே கீலை இன்னொரு முறை தளர்த்த வேண்டும்.