யாரோட போற?

"யாரோட போற?"

2023 ஒக்டோபரில் எங்களில் ஒருத்தியிடம் வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. எங்க போற, எப்ப வருவ, கையில காசு இருக்கா என்பதெல்லாம் பிறகுதான். 21ஆம் திகதி சனிக்கிழமை, யாழ்ப்பாணம் முற்றவெளியில் சந்தோஷ் நாராயணனின் இசை நிகழ்ச்சி. அவளுடைய வீடு பதுளை டவுனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயம். தனியாத்தான் போறேன் என்றாள். அம்மா பேசவில்லை. அப்பாயிதான் ஒரு வார்த்தை சொன்னார்: "நம்ம சனம் தனியா எங்க போயிருக்கு?"

அப்பாயி அதைத் தடுப்பதற்காகச் சொன்னார். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு அது பரீட்சைக் கேள்வி மாதிரி விழுந்தது. உண்மையிலேயே, நம்ம சனம் தனியாக எங்கே போயிருக்கிறது? தேடிப் பார்த்தோம். அப்பாயி சொன்னது பெரும்பாலும் சரி என்பதுதான் வலித்தது.

முதலில் வந்த கதை. எங்க பாட்டன் பூட்டன்கள் தனித்தனியாக டிக்கெட் எடுத்து வந்தவர்கள் இல்லை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, கடன் கொடுத்து, கூட்டமாகக் கூட்டி வந்தார். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடை. காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். மலைக்கு ஏறிய பாதை பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல். இன்று எல்லோரும் போய் செல்ஃபி எடுக்கிற ஒன்பது வளைவுப் பாலம் அந்தக் கடைசித் துண்டுப் பாதையில்தான் நிற்கிறது. தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்கவும் அரிசி மேலே ஏறவும் போட்ட பாதை அது. கொழுந்து பறிக்கிறவள் ஒரு நாள் பாட்டுக் கேட்கப் போவாள் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கமாட்டார்கள்.

வந்த பிறகாவது நினைத்த இடத்துக்குப் போகமுடிந்ததா? 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக்கொடுப்பது. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலை கிடைக்காது. ஒரு ஆள் நகரவேண்டும் என்றால் கடனும் கூடவே நகரவேண்டும். 1921இல் ஒரு சட்டத்தால் துண்டு ஒழிந்தது. ஆனால் தோட்டத்து எல்லை ஒழியவில்லை. உள்ளே யார் வரலாம் என்பதைத் துரைதான் தீர்மானித்தார். அத்துமீறல் சட்டம் அவர் கையில் இருந்தது.

அப்படியென்றால் அந்தக் காலத்தில் பாட்டு எப்படி வந்தது? இரண்டு வழி.

ஒன்று, தோட்டத்துக்குள்ளேயே பிறந்த பாட்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு. மாசி மாதம் காமன் கூத்து நடக்கிற தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சனம் இருட்டில் பந்தம் பிடித்துக்கொண்டு போகும். கூத்துக்காரன் மாமன் மகனாகவோ பங்காளியாகவோ இருப்பான். 'லைவ் ஷோ' என்று நாங்கள் இன்று சொல்வதற்கு எங்கள் ஊரில் முன்னோடி அதுதான். அதற்கும் கூட்டமாகத்தான் போனார்கள். இருட்டும் அட்டையும் காட்டுப்பன்றியும் இருக்கிற பாதையில் கூட்டமாகப் போவதுதான் புத்தி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து வந்த பாட்டு. கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, 1921இல் 'தேசநேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். தோட்டத்துக்குள் நுழைய வழியில்லாமல் புடவை வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். சனத்துக்குத் தெரிந்த மெட்டில் கூலி, கடன், இந்தியர்களுக்கு எதிரான சட்டங்கள் என்று பாட்டுக் கட்டி, சின்னப் புத்தகங்களாக அச்சடித்தார்கள். மேடையில் பெண் ஏறுவதே அதிசயமான காலம். இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். இன்று நாங்கள் பாடகரைத் தேடி நானூறு கிலோமீட்டர் போகிறோம். அன்றைக்கு கேட்கிறவர்கள் அசைய முடியாததால், பாடுகிறவர்கள் அவர்களைத் தேடி மலையேறினார்கள்.

நாங்கள் அசையாமலேயே இருந்தோம் என்றும் சொல்லிவிட முடியாது. 1940 மே மாதம், பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டம். சமசமாஜக் கட்சிக்காரர்கள் தலைமையில் ஊவா முழுக்க வேலைநிறுத்தம் பரவிய நேரம். வேவெஸ்ஸ தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கேட்டு நடப்பதாகத் துரை ஒத்துக்கொண்டார். அடக்க வந்த ஆயுதப் பொலிஸிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பஸ்ஸில் எத்தனை தடவை அந்தப் பக்கம் போயிருப்போம்!

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனத்தில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் எண்ணிப் பிரித்தார்கள். பதுளை ஸ்டேஷனிலும் மற்ற மலையக ஸ்டேஷன்களிலும் பெட்டியும் பாயும் கட்டிக்கொண்டு சனம் ஏறியது. தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பேர் 'அழுகைக் கோச்சி'. இங்கேயும் கவனியுங்கள், யாரும் தனியாகப் போகவில்லை. குடும்பம் குடும்பமாக அனுப்பப்பட்டார்கள். போவதும் அனுப்பப்படுவதும் ஒன்றில்லை.

இப்போது 2021க்கு வருவோம். அந்த வருஷம் மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. பாட்டில் வருகிற அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போனவர். அதாவது, எங்களைவிட்டுப் போன கோச்சியில் போன ஒருத்தியின் பேரன், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் ஃபோனுக்குள் வந்து பாடினான். எங்களுக்கு அவர் புதுசு இல்லை. 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவை அதற்கு முன்பே தேடித்தேடிக் கேட்டிருந்தோம். பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில் கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் இருந்தன.

பறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தோட்டங்களில் அதற்குப் பேர் தப்பு. விடிவதற்கு முன்னால் லயத்து வாசலில் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு எழுப்பினார்கள். அடித்தவரை சனம் சாதி சொல்லித் தள்ளி வைத்தது. வேலைக்கு விரட்டவும் சாவு வீட்டுக்கும் மட்டும் என்று இருந்த அந்தச் சத்தத்தை மேடை நடுவில் கேட்டபோது எங்களில் சிலருக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் வீட்டிலேயே அதை மறைத்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் எழுதாமல் விடக்கூடாது.

'எஞ்சாமி' யாருடைய பாட்டு என்று பிறகு பிரச்சினை வந்ததும் தெரிந்ததுதான். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியது. எழுதி, இசையமைத்து, பாடியது நான் என்று அறிவு சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து செய்தது என்று சந்தோஷ் நாராயணன் சொன்னார். தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார். ஆனால் பெயர் விடுபடுவது என்றால் என்ன என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

அவள் போனாள். பதுளையில் இரவு பஸ் ஏறி, விடியக்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கினாள். பக்கத்து சீட்டில் இருந்த அக்கா "எந்த ஊர், யாரோட வந்த?" என்று கேட்டாராம். பதுளை, தனியாத்தான் என்றதும் தன்னிடமிருந்த பணிஸில் பாதியைக் கொடுத்தாராம். முற்றவெளியில் மேடை தூரத்தில் தெரிந்தது. ஆட்களின் தலைதான் அதிகம் பார்த்தேன் என்றாள். ஆனால் யார்கிட்டயும் அனுமதி கேட்காம, யாருக்காகவும் காத்திருக்காம, நினைச்ச இடத்துல நின்னேன் என்றாள். வழியில் இரண்டு தரம் பயந்ததையும் மறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் பின்னாலேயே வந்திருக்கிறான். கடைக்குள் போய் நின்றுகொண்டாள். தனியாகப் போவது வீரம் என்று நாங்கள் கொடி பிடிக்க வரவில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பாதை இன்னும் பாதுகாப்பாக இல்லை என்பதும் வரலாற்றில் சேர்த்தி.

அதே வருஷம்தான் நாங்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்தது, ஜூலை கடைசியில் தொடங்கி ஓகஸ்ட் நடுவில் முடித்தார்கள். கங்காணி கூட்டி வந்த பாதையைத் தங்கள் விருப்பத்தில் நடந்தார்கள். எங்களுக்கு அந்த நடையும் இவளுடைய பஸ் பயணமும் ஒரே வரியில் எழுதவேண்டியவை.

திரும்பி வந்த அன்று இரவு அப்பாயி அவளிடம் பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பதுளை ஸ்டேஷனுக்குள் தான் ஒரே ஒரு தடவைதான் போயிருப்பதாகச் சொன்னார். தம்பியை அழுகைக் கோச்சியில் ஏற்றிவிட. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "தலைமன்னாருக்கு இப்பவும் கோச்சி ஓடுதா?" என்று கேட்டார்.

ஓடுது அப்பாயி என்றாள்.

"அப்ப ஒரு நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போ."